கேமரா எங்கே நிற்கிறது? இரண்டு நிமிட பிரிட்டிஷ் யதார்த்தம்

சாம்பல் நிற வானம். அதன் கீழே, உள்ளாட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் அடுக்குமாடிக் கட்டடம், அடியிலிருந்து உச்சிவரை மெல்ல ஏறும் கேமரா. அடுத்து ஹூடி போட்ட ஒரு பையனின் முதுகு. சுவரில் கிராஃபிட்டி, தரையில் நசுங்கிய பீர் கேன், யாரோ சிகரெட் பற்றவைக்கிறார்கள். பின்னணியில் சோகமான பியானோ. பையன் திரும்பிப் பார்க்கிறான், திரை கறுக்கிறது, படத்தின் பெயர் வருகிறது. இரண்டு நிமிடம் முடிந்தது.

இங்கிலாந்துப் பள்ளிகளில் மீடியா ஸ்டடீஸ் படிக்கும் மாணவர்கள் எடுத்த படத் துவக்கங்களை நாலைந்து பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஓசிஆர் தேர்வு வாரியத்தின் ஏ.எஸ். (பதினாறு, பதினேழு வயதில் படிப்பது) பாடத்திட்டத்தில் 2008 முதல் பல ஆண்டுகள் இது ஒரு முக்கியமான வேலையாகவே இருந்தது: ஒரு புதிய கதைப்படத்தின் டைட்டிலையும் துவக்கத்தையும் எடுக்க வேண்டும், இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. குழுவில் அதிகபட்சம் நான்கு பேர். நூறு மதிப்பெண்ணில் அறுபது எடுத்த படத்துக்கு, மீதி ஆய்வுக்கும் சுயமதிப்பீட்டுக்கும். பேய்ப்படம், த்ரில்லர், அப்புறம் சாதாரண உழைக்கும் மக்களின் அன்றாடத்தைக் காட்டும் 'பிரிட்டிஷ் சமூக யதார்த்தம்' என்று மாணவர்கள் வகை பிரித்துக்கொள்வார்கள். மூன்றாவதைப் பிடிப்பதற்கு நல்ல காரணம் உண்டு. செட் வேண்டாம், உடை வேண்டாம், ரத்தம் வேண்டாம், வீட்டு வாசலில் நின்றே எடுத்துவிடலாம். எளிது என்று நினைத்துத்தான் பலரும் அதில் விழுகிறார்கள்.

பெயரிலேயே நமக்கு ஒரு குழப்பம் வரக்கூடும். தமிழில் இடதுசாரி இலக்கிய விவாதங்களைப் படித்து வந்தவர்களுக்கு 'சோஷலிச யதார்த்தவாதம்' என்ற சொல் காதில் ஊறிப்போன ஒன்று. அது சோவியத் ஒன்றியத்தில் அதிகாரபூர்வக் கலைக்கொள்கையாக இருந்தது, நம்பிக்கையான நாளையைக் காட்டியாக வேண்டிய கலை. இங்கே பேசுவது 'சோஷியல்' யதார்த்தம். அதற்கு யாரும் கட்டளை போடவில்லை. நாளை விடியும் என்று அது வாக்குறுதியும் தருவதில்லை. 'கிச்சன் சிங்க்' என்று இதற்கு ஒரு கேலிப்பெயரும் உண்டு. அது சினிமாவிலிருந்து வந்ததே கிடையாது. 1954இல் டேவிட் சில்வெஸ்டர் என்ற கலை விமர்சகர், சமையலறையில் கிடக்கிற எல்லாவற்றையும், பாத்திரம் கழுவும் தொட்டியைக்கூட விடாமல், வரைந்து தள்ளிய ஜான் பிராட்பி போன்ற இளம் ஓவியர்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பு அது. நாடகத்துக்கும் படத்துக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டது.

சரி, அந்த மாணவர் படத்தில் என்னதான் தவறு? வானமும் கட்டடமும் ஹூடியும் பொய்யில்லை. இங்கிலாந்தில் வானம் பெரும்பாலும் சாம்பல்தான். தவறு கேமரா நிற்கும் இடத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற எவரும் அதைக் கீழிருந்து மேலாக அண்ணாந்து பார்ப்பதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்தான் அப்படிப் பார்ப்பார். எடுத்த பையனோ பல நேரம் அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் இருப்பவன். தன் வீட்டை ஒரு சுற்றுலாப் பயணி போலப் படம் பிடித்திருக்கிறான்.

இந்த வழுக்கல் மாணவர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. இந்த வகைப் படங்களின் முன்னோடிகளே இதில் வழுக்கியவர்கள்தான். 1956 பிப்ரவரியில் லண்டன் நேஷனல் ஃபிலிம் தியேட்டரில் 'ஃப்ரீ சினிமா' என்ற பெயரில் சில குறும்படங்கள் திரையிடப்பட்டன. லிண்ட்சே ஆண்டர்சன், காரெல் ரைஸ், டோனி ரிச்சர்ட்சன், லோரென்சா மஸெட்டி ஆகியோர் எடுத்தவை. கையில் பெரும்பாலும் இருந்தது 16 மி.மீ. போலெக்ஸ் கேமரா. சாவி கொடுத்து ஓட்டுவது; ஒரு ஷாட் 22 வினாடிக்கு மேல் ஓடாது. பேசும்போதே குரலைப் பதிவு செய்யவும் வழியில்லை. அந்த வசதிக் குறைவை வைத்துக்கொண்டே கேளிக்கைப் பூங்கா, ஜாஸ் கிளப், ஈஸ்ட் எண்ட் தெரு என்று போய் எடுத்தார்கள். இன்று ஒரு சாதாரண போனில் இருக்கிற வசதியில் கால்வாசிகூட அவர்களிடம் இல்லை.

ரைஸும் ரிச்சர்ட்சனும் ஆண்டர்சனும் சில வருடங்களில் முழுநீளப் படங்களுக்கு வந்தார்கள். நாட்டிங்ஹாம், சால்ஃபோர்டு, வேக்ஃபீல்டு என்று வடக்கிலும் நடு இங்கிலாந்திலும் உள்ள தொழில் நகரங்கள் திரைக்கு வந்தன. கூடவே ஒரு ஷாட்டும் வந்தது. நாயகன் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் நிற்பான். கீழே புகைபோக்கிகள், வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள், மூடுபனி. பார்க்க அழகாக இருக்கும். திரும்பத் திரும்ப வந்ததால் விமர்சகர்கள் 'அந்தக் குன்றிலிருந்து நம்ம ஊர்' என்று அதற்குப் பெயரே வைத்துக் கிண்டல் செய்தார்கள். கிண்டலில் நியாயம் உண்டு. ஆண்டர்சனும் ரிச்சர்ட்சனும் ஆக்ஸ்ஃபோர்டு, ரைஸ் கேம்பிரிட்ஜ். ஊரை நேசித்தவர்கள்தான், ஆனால் குன்றில் நின்று நேசித்தவர்கள். மாணவர் படத்தின் அடுக்குமாடி ஷாட் அந்தக் குன்று ஷாட்டின் பேரப்பிள்ளை.

ஆனால் அதே ரைஸ் 1960இல் எடுத்த 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' குன்றில் தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தொழிற்சாலைக்குள், லேத் மெஷினுக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. ஆர்தர் சீட்டன் என்ற இளைஞன் (ஆல்பர்ட் ஃபின்னி) இரும்புத் துண்டுகளைக் கடைந்து போட்டுக்கொண்டே மனதுக்குள் எண்ணுகிறான். எண்ணிக்கை தொள்ளாயிரத்து ஐம்பதைத் தாண்டி ஆயிரத்தை நோக்கிப் போகிறது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றிலும் வேலை செய்கிறவர்களைப் பற்றி அவன் மனம் முணுமுணுக்கிறது. கதையை எழுதிய ஆலன் சில்லிட்டோ வேலை பார்த்த அதே ராலி சைக்கிள் கம்பெனிதான் அந்த இடம். அவன் ஏழையா, கோபக்காரனா, வார இறுதிக்காக ஏங்குகிறானா என்று யாரும் அறிமுகம் செய்யவில்லை. கை வேலை செய்கிறது, மனம் எண்ணுகிறது, எல்லாம் புரிந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், இந்த வகைத் துவக்கத்தின் சூட்சுமம் முழுவதும் இங்கேயே இருக்கிறது. ஒரு ஆள் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். கேமரா அந்த வேலை தெரிகிற தூரத்தில் நிற்கிறது. வர்க்கம், வருமானம், குடும்பம் எல்லாம் அந்த வேலையின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

1969இல் வந்த கென் லோச்சின் 'கெஸ்' இருட்டில் தொடங்குகிறது. யார்க்‌ஷரில் பார்ன்ஸ்லி என்ற நிலக்கரி ஊர். ஒரே கட்டிலில் அண்ணனும் தம்பியும். அலாரம் அடிக்கிறது. அண்ணன் சுரங்க வேலைக்கு எழுந்தாக வேண்டும். தம்பி பில்லிக்குத் தூக்கம் போய்விட்டது. அவ்வளவுதான் நடக்கிறது. வீட்டில் இன்னொரு கட்டிலுக்கு இடமில்லை என்பதும், நாளை இந்தப் பையனுக்கும் அதே சுரங்கம்தான் என்பதும் போர்வைக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. வறுமையைக் காட்டும் ஷாட் என்று தனியாக ஒன்றைத் தேடினால் கிடைக்காது.

அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கிறிஸ் மெங்கஸ். அதற்கு முந்தைய வருடம் ஆண்டர்சனின் ஒரு படத்தில் செக் ஒளிப்பதிவாளர் மிரோஸ்லாவ் ஒன்ட்ரிசெக்கிடம் கேமரா இயக்கியவர். அங்கே பார்த்துக் கற்றதை லோச்சிடம் கொண்டுவந்தார்: முகத்துக்கு விளக்கு போடாதே, அறைக்குப் போடு. வெளிச்சம் ஜன்னல் வழியாக வருவது போலவே இருக்கட்டும், நடிப்பவர்கள் எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும். கேமரா தள்ளி நிற்கும், சற்று நீளமான லென்ஸோடு, அக்கறையோடு வேடிக்கை பார்க்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அவர் ஆடமாட்டார், ஓடமாட்டார். 'யதார்த்தம் என்றால் கேமராவை ஆட்ட வேண்டும்' என்று வகுப்பறைகளில் பரவியிருக்கும் நம்பிக்கைக்கு லோச்சின் படங்களே மறுப்பு. மைக் லீயின் படங்களோ இன்னும் அசையாதவை. மாதக்கணக்கில் நடிகர்களோடு ஒத்திகை பார்த்து ஆட்களை உருவாக்கிவிட்டு, கேமராவை ஒரு இடத்தில் ஊன்றிவிடுவார்.

ஆடும் கேமரா எங்கிருந்து வந்தது என்றால், அதற்கும் ஒரு நியாயமான பிறப்பிடம் உண்டு. ஆண்ட்ரியா ஆர்னால்டின் 'ஃபிஷ் டேங்க்' (2009) பதினைந்து வயது மியாவின் மூச்சில் தொடங்குகிறது. காலி ஃப்ளாட், நீலச் சுவர், முழங்காலில் கை வைத்துக் குனிந்தபடி இரைக்கிறாள். நடனம் ஆடி முடித்திருக்கிறாள் என்பது நமக்கு அப்புறம்தான் தெரியும். அங்கிருந்து படம் முழுக்க ராபி ரயனின் கேமரா அவளது தோளை விட்டு நகராது. அவள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக நடக்கும், அதனால் ஆடும். அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாது. திரைச் சட்டகமும் அகலமாக இல்லாமல் பழைய தொலைக்காட்சி போல 4:3. ஒரு ஆள் நின்றால் நிறைந்துவிடும், பக்கத்தில் தப்பிக்க இடமிருக்காது. கேமராவின் ஆட்டமும் சட்டகமும் அவள் கூடவே இருப்பது என்ற ஒரே முடிவிலிருந்து பிறந்தவை. ஆர்னால்டு டார்ட்ஃபோர்டில் கவுன்சில் வீடுகளில் வளர்ந்தவர். அவருக்குக் குன்று தேவைப்படவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரா, தோளோடு தோளாக நடப்பவரா? இரண்டும் சரி. மாணவர் குழு இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு இரண்டு நிமிடமும் அதில் நிற்க வேண்டும். ஒரு ஷாட் தோளில், அடுத்தது கூரையில், அதற்கடுத்தது ட்ரோனில் என்றால் யார் பார்க்கிறார்கள் என்றே தெரியாமல் போகும். ட்ரோன் வந்த பிறகு அந்தப் பழைய குன்று எல்லா ஊருக்கும் இலவசமாகக் கிடைத்துவிட்டது, ஆபத்தும் கூடிவிட்டது.

கேமரா எங்குமே நிற்காத ஒரு துவக்கமும் உண்டு. பண வசதி இல்லாத குழுக்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2016இல் கான் விழாவின் தங்கப்பனை வாங்கிய 'ஐ, டேனியல் பிளேக்' படத்தில் முதலில் கறுப்புத் திரைதான். அதில் வெள்ளையாகப் பெயர்கள். இரண்டு குரல்கள் மட்டும் கேட்கின்றன. அரசு உதவித்தொகைக்குத் தகுதி பார்க்கும் ஒரு பெண், படிவத்தில் உள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்கிறார்: தொப்பி போடுவது போலக் கையைத் தூக்க முடியுமா, அலாரம் வைக்க முடியுமா. மாரடைப்பு வந்த ஒரு தச்சர், என் பிரச்சினை இதயத்தில்தான் அம்மா என்று சொல்லிச் சொல்லிப் பொறுமை இழக்கிறார். சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே இந்த மனிதரை என்ன செய்யப்போகிறார்கள் என்ற பயமும் வருகிறது. டேனியலாக நடித்த டேவ் ஜான்ஸ் மேடை நகைச்சுவைக் கலைஞர். அந்தத் தாளம் குரலில் இருக்கிறது. டைட்டில் கட்டாயம் வேண்டும் என்ற அந்தத் தேர்வு விதியும் இதில் நிறைவேறியிருக்கும். ஒரு மைக்கும் இரண்டு நல்ல குரல்களும் போதும்.

இதற்கு நேர் எதிர்முனையில் லின் ராம்சே என்ற இயக்குநர். 1973இல் கிளாஸ்கோவில் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தத்தின்போது நடக்கும் 'ராட்கேச்சர்' (1999), ஜன்னல் திரைச்சீலையைத் தன்மேல் சுற்றிக்கொண்டு சுழலும் ஒரு பையனோடு தொடங்குகிறது. ஸ்லோ மோஷன், கனவு மாதிரி. சட்டென்று அம்மாவின் அடி விழுகிறது. உலகம் இயல்பு வேகத்துக்குத் திரும்புகிறது. யதார்த்தப் படத்தில் ஸ்லோ மோஷன் கூடாது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் மாணவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டலாம். இசை கூடாது என்பதும் அப்படிப்பட்ட ஒரு கட்டுக்கதைதான். 'கெஸ்' படத்தில் ஜான் கேமரன் இசையமைத்த புல்லாங்குழல் இருக்கிறது, ஷேன் மெடோஸின் 'திஸ் இஸ் இங்கிலாந்து' படத்தில் லுடோவிகோ ஈனாடியின் பியானோகூட இருக்கிறது. பியானோவின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. பார்ப்பவர் என்ன உணர வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும்போதுதான் எரிச்சல் வருகிறது.

செய்முறைக்கு வருவோம். மாணவர் படங்களை அதிகம் கெடுப்பது நடிகர் தேர்வு. பதினேழு வயது நண்பன் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு குடிகார அப்பாவாக வந்து நிற்பான். அந்த நொடியே எல்லாம் போச்சு. கதையிலேயே பதினேழு வயதுக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. அப்பா அடுத்த அறையில் இருமினால் போதும். பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி பார்ன்ஸ்லிப் பள்ளிச் சிறுவன். மியாவாக நடித்த கேட்டி ஜார்விஸை, டில்பரி ரயில் நிலையத்தில் தன் காதலனோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தார்கள். பேச்சையும் அப்படியே விட வேண்டும். லண்டன் பிள்ளைகள் மான்செஸ்டர் உச்சரிப்பை வரவழைக்க முயன்றால் கேலிக்கூத்தாகும். வசனத்தை எழுதிக் கொடுப்பதைவிட, அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பேச விடுவது மேல். லோச்சும் முழுத் திரைக்கதையை நடிகர் கையில் முன்கூட்டியே கொடுப்பவர் அல்ல. காட்சிகளையும் கதை நடக்கும் வரிசையிலேயே எடுப்பார். இரண்டு நிமிடப் படத்தில் வரிசையாக எடுப்பது ஒரு கஷ்டமே இல்லை.

ஒலியைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. படம் கொஞ்சம் மங்கினாலும் யதார்த்தம் என்று மன்னித்துவிடுவார்கள், குரல் கேட்காவிட்டால் மன்னிக்கமாட்டார்கள். கேமராவில் உள்ள மைக் அறையில் இருக்கிற எல்லாவற்றையும் பிடிக்கும், குறிப்பாக ஃப்ரிட்ஜின் முனகலை. ஒலிப்பதிவாளர்களிடம் இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, கார் சாவியை உள்ளே வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, அதனால் ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறக்கவும் முடியாது. படப்பிடிப்பு முடிந்ததும் அரை நிமிடம் யாரும் பேசாமல் அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிந்து வைத்துக்கொண்டால் எடிட்டிங்கில் பல ஓட்டைகளை அடைக்கலாம். போனில் எடுப்பவர்கள் வெளிச்ச அளவைப் பூட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் படம் கறுத்து வெளுக்கும். கத்தி, பொம்மைத் துப்பாக்கி எல்லாம் தெருவில் வேண்டவே வேண்டாம். படம் கெடுவது ஒரு பக்கம், யாராவது பயந்துபோய் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அந்த ஓசிஆர் பாடத்தில் முதன்மை வேலைக்கு முன்னால் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு வரி பேச வேண்டும். ஷாட்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகிறதா, பேசும் இருவருக்கும் இடையிலான கற்பனைக் கோட்டை (180 டிகிரிக் கோடு) கேமரா தாண்டாமல் எடுக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு. மாணவர்களுக்கு இது அலுப்பாக இருந்தது. அவசரமாக முடித்துவிட்டு அடுக்குமாடியைத் தேடி ஓடுவார்கள். எனக்கோ அந்தப் பயிற்சிதான் சமூக யதார்த்தத்துக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. கதவைத் திறப்பவர் யார், எதிரே உட்கார்ந்திருப்பவர் வீட்டுச் சொந்தக்காரரா, தலைமையாசிரியரா, வேலைவாய்ப்பு அலுவலரா என்று ஒரு முடிவு எடுத்தால் போதும், பாதித் துவக்கம் தயார்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. மூலைக் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர்களில் இலங்கைத் தமிழர்கள் கணிசம். பிரிட்டிஷ் யதார்த்தப் படங்களில் அந்தக் கடை வராமல் இருக்காது. பையன் உள்ளே போவான், எதையாவது திருடுவான், கடைக்காரர் கத்துவார். கேமரா பெரும்பாலும் பையன் பக்கம்தான். கல்லாவுக்குப் பின்னால், கடைக்காரர் பக்கம் அது நின்றது அரிது. அப்பாவின் கடை என்றால் அனுமதிக்கு அலைய வேண்டாம், வாடகை இல்லை, டியூப் லைட் வெளிச்சம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு துவக்கத்தை யோசித்துப் பார்க்கிறேன். காலை ஆறரை. பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கட்டிப் போட்டிருக்கும் பத்திரிகைக் கட்டின் பிளாஸ்டிக் பட்டையை அறுக்கிறாள். உள்ளறையில் அப்பா போனில் யாழ்ப்பாணத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறார், குரல் மட்டும். கதவு மணி அடிக்கிறது. அதே சீருடையில் இன்னொரு பெண், கோட்டுக்குள் சட்டையின் ஒரு பக்கம் இஸ்திரி போட்டது, மறுபக்கம் கசங்கியது. கையில் ப்ரீபெய்டு மின்மீட்டரின் பிளாஸ்டிக் சாவி. பாதி இஸ்திரியில் கரண்ட் போயிருக்கிறது. சில்லறையை எண்ணி வைக்கிறாள். உள்ளே இருப்பவள் சாவியை மெஷினில் செருகுகிறாள், இயந்திரம் யோசிக்கிறது. இருவரும் ஒரே வகுப்பு. ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. கேமரா கல்லாவுக்குப் பின்னாலேயே நிற்கிறது. வந்தவளின் முகத்தைவிட அவள் கைகள்தான் அதிகம் தெரிகின்றன. ரசீது வருகிறது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது இருபது பென்ஸையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள். அது மீதியா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. உள்ளறையிலிருந்து "ஆர் பிள்ளை அது?" என்று அப்பாவின் குரல். "ஒருத்தருமில்லை அப்பா." கதவு மணி மறுபடி அடிக்கிறது. அங்கே படத்தின் பெயரைப் போடலாம்.